இருவருங் கேட்க வேண்டிய செய்தி

ஆடவர்க்கு முதுமையில் உண்டாகும் நோய்களுள் சுக்கிலச் சுரப்பியிற் காணும் புற்றுநோய் ஒன்று. புராஸ்டேட் என்று வைத்தியர் வழங்கும் அச்சுரப்பி, மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர் இறங்கும் குழாயைச் சூழ்ந்து, கொட்டைப்பாக்கினும் சற்றுப் பெரிதாய் அமைந்திருப்பது. இத்தகைய பொருளைப்பற்றி நமது கலாசாலைச் சஞ்சிகையில் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பையும் சிலர்க்குக் கூச்சத்தையும் விளைக்கலாம். இருபது வயது மாணாக்கனுக்கு அறுபத்தைந்து வயதுக் கிழவரின் பிணியைப்பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என்று வினவுவாரும் உளராவர்.

அவர்க்கு நாம் கூறும் விடை இதுவே. கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி ஆகிய ஊர்களிலுள்ள இல்லங்களுக்கு வைத்தியசாலையிலிருந்து வரும் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. தந்தையார் தம் பட்டறைப் பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிவார். ஆங்கில அறிக்கையை அறியார். தாயார் தமிழ்ப் பத்திரிகை படிப்பார். 'பயாப்ஸி' அறிக்கை அவர்க்கு வெறுங் காகிதம். ஆதலின் அக்காகிதத்தைப் படித்துப் பொருள் கூறும் பொறுப்பு, கலாசாலையிற் படிக்கின்ற, அல்லது படித்து முடித்த, மகனிடமோ மகளிடமோ வந்து சேர்கின்றது. அதிலுள்ளதை வீட்டில் யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்னும் தீர்மானமும் ஒரு மாலைப்பொழுதில் அவர் தலைமேல் வந்து விழுகின்றது. அதற்கென்று யாரும் அவரைப் பழக்கியதில்லை. பழைய மாணாக்கர் பலர்க்கோ, தந்தையின் நோயாகவன்றித் தம்முடைய நோயாகவே இது வரக்கூடிய வயது வந்துவிட்டது. இவ்விரு சாராரையும் முன்னிட்டே எழுதுகின்றோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் காண்போம். 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. 1961இல் ஆவடியிற் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதனையடுத்த ஆண்டுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தது. இவற்றை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் ஊர்விட்டு வந்து குடியேறிய குடும்பங்கள் எண்ணிறந்தன. அத்தகைய குடும்பமொன்றில், கடைசற்பொறியின் முன் முப்பதாண்டு நின்று உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கின்றார் என்று கொள்வோம். இரவில் நான்கைந்து முறை எழுகின்றார். சிறுநீர் தொடங்கத் தாமதிக்கின்றது. தொடங்கினால் விட்டுவிட்டு வருகின்றது. வெளியூர்க் கலியாணத்துக்குப் போகாமல் ஏதேனும் ஒரு காரணங் காட்டி நின்றுவிடுகின்றார்; பேருந்தில் இரண்டு மணி நேரம் உட்கார இயலாது என்பதே மெய்யான காரணம். கேட்டால், "வயசானால் இப்படித்தான்" என்கின்றார். முதுமையில் இச்சுரப்பி புற்றின்றியும் வீங்குவது மிகச் சாதாரணமாதலின், அவர் கூறுவது முழுப்பொய்யும் அன்று. பின்னர் இடுப்பில் வலி காண்கின்றது. தைலம் தேய்த்துச் சில மாதங்கள் கழிகின்றன. கடைசியில் மகன் வற்புறுத்தி அழைத்துப் போகின்றான். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் பொருளை அளக்கின்றனர். நான்குக்குள் இருத்தல் நலம் என்று பொதுவாகக் கொள்ளப்படும் அவ்வளவு, நூற்றைக் கடந்து நிற்கின்றது. சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கின்றனர். எலும்புகளைப் படம் எடுக்கின்றனர். நோய் சுரப்பியைத் தாண்டி எலும்புக்குச் சென்றுவிட்டது.

இச்செய்தியை வைத்தியர் கூறும் அறையில் யார் இருக்கின்றனர் என்பதை நோக்குக. மகன் இருக்கின்றான், சில வேளைகளில் நோயாளியும் இருக்கின்றார். அவர் மனையாளோ, வெளியே நடையிற் கிடக்கும் பலகையில், தண்ணீர்ப்போத்தலும் பழைய சீட்டுகளும் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றார். கதவு திறக்கின்றது. "டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்கின்றார். "ஒண்ணுமில்லை. மாத்திரை குடுத்திருக்காரு" என்று விடை வருகின்றது.

இந்த 'ஒண்ணுமில்லை'யே நமது ஆராய்ச்சிக்குரிய பொருள். அது அன்பினாற் சொல்லப்படுவது என்பதில் நமக்கு ஐயமில்லை. சில வீடுகளில் இதுவே தலைகீழாக நடப்பதும் உண்டு: தாயும் மக்களும் அறிந்திருக்க, நோயாளி ஒருவரிடமே மறைக்கப்படுகின்றது. சில வீடுகளில் நோயாளி தாமே எவர்க்கும் உரையாமல் அறிக்கையைப் பீரோவில் வேட்டிகளுக்கடியில் வைத்துப் பூட்டிவிடுகின்றார். எவ்வாறாயினும், நாற்பதாண்டு ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த இருவருள் ஒருவர் அறிய, மற்றவர் அறியாதிருக்கின்றார். கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து, ஒரே வேளையில், வைத்தியர் வாயாலேயே இச்செய்தியைக் கேட்டல் வேண்டும் என்பது நமது துணிபு. பிற புற்றுநோய்களினும் இந்நோய்க்கு இது மிகவும் இன்றியமையாதது. அதற்குரிய காரணம் இதன் சிகிச்சையிலேயே அடங்கியிருக்கின்றது.

1941ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்துச் சத்திர வைத்தியராகிய சார்லஸ் ஹக்கின்ஸ் என்பார், இப்புற்று ஆண்மைச் சுரப்புநீரை உண்டே வளர்கின்றது என்றும், அந்நீரை நிறுத்திவிட்டால் உடலெங்கும் பரவிய புற்றுங்கூடச் சுருங்குகின்றது என்றும் காட்டினார். புற்றுநோயை அறுத்தெடுத்தலும் கதிரால் எரித்தலுமே வழியென்றிருந்த காலத்தில் இது பெரும் புதுமை. இதற்காக 1966இல் அவர்க்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் கண்ட வழி விதைகளை நீக்குதல். பின்னர் மூளையினின்று அச்சுரப்பை ஏவும் பொருளின் அமைப்பை ஆராய்ந்தறிந்த ஆண்ட்ரூ ஷாலி முதலியோர் 1977இல் நோபல் பரிசு பெற்றனர்; அவ்வாராய்ச்சியின் பயனாகவே, மாதத்துக்கொருமுறையோ மூன்று மாதத்துக்கொருமுறையோ போடும் ஊசி உண்டாயிற்று. இன்றும் எலும்புக்குப் பரவிய இந்நோய்க்கு முதற்சிகிச்சை இவ்விரண்டில் ஒன்றே. ஊசிக்குத் தொடர்ந்து பணம் வேண்டும். அறுவை ஒருமுறையோடு முடியும். ஆதலின் நம் நாட்டில் எளியோர் பலர் அறுவையையே மேற்கொள்கின்றனர்.

இனி இச்சிகிச்சை ஓர் ஆடவனுக்குச் செய்வதென்ன என்பதைக் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். நோய் அடங்குகின்றது, வலி பெரும்பாலும் தணிகின்றது. அவற்றோடு இல்லற இச்சையும் அற்றுப்போகின்றது, ஆற்றலும் குன்றுகின்றது. உடம்பிற் சதை குறைந்து கொழுப்பு ஏறுகின்றது. சிலர்க்கு மார்பு சற்றுப் பருக்கின்றது. எலும்பு மெலிகின்றது. பகலிற் களைப்பு, காரணமின்றிக் கண்ணீர், சிறு சொல்லுக்குப் பெருஞ் சினம். திடீரென்று உடம்பெங்கும் அனல் ஏறி, முகஞ் சிவந்து, வேர்த்துக் கொட்டுகின்றது. இவையெல்லாம் மருந்தின் விளைவுகள். இதனையறியாத மனைவி என்ன நினைப்பார்? கணவர் தம்மை வெறுத்து ஒதுங்குகின்றார் என்று நினைப்பார். பாயை வேறிடத்தில் விரித்துக் கொள்கின்றாரே, முகங் கொடுத்துப் பேசுவதில்லையே, ஏதோ மனத்தில் வைத்திருக்கின்றார் என்று நினைப்பார். மகன்மேல் உள்ள கோபமோ, சொத்தைப்பற்றிய கவலையோ என்று பலவாறு எண்ணி மறுகுவார். அவரும் தம் மறுக்கத்தை வெளியிடார். ஒரு சுவருக்கு இருபுறமும் இருவர் அழுதுகொண்டிருக்கும் நிலை இது. அச்சுவரை எழுப்பியது நோயன்று, நாம் சொன்ன 'ஒண்ணுமில்லை'.

ஈண்டு ஒரு விந்தையையும் குறிப்பிடுதல் தகும். அனலேறி வேர்க்கும் அத்துன்பம் ஆடவர்க்குப் புதிது, மாதர்க்குப் புதிதன்று. மாதவிடாய் நின்ற காலத்தில் அம்மனையாள் தாமே அதனை ஆண்டுக்கணக்கில் அனுபவித்திருக்கலாம். அப்போது அவர் கணவர்க்கு அது இன்னதென்றும் தெரிந்திராது. காப்பியைக் குறைத்தல், மெல்லிய பருத்தியாடை உடுத்தல், படுக்கையருகே ஈரத்துணி வைத்தல் முதலிய உபாயங்களை அவரினும் நன்கு அறிந்தவர் யார்? நோயின் பெயரை மறைப்பதால், வீட்டிலேயே உள்ள அனுபவசாலியின் உதவியை நோயாளி இழக்கின்றார்.

மருந்துகளின் முறையும் இவ்வாறே. 2011ஆம் ஆண்டு முதல் வழக்குக்கு வந்த அபிராட்டிரோன் என்னும் மாத்திரை இந்நோயினர் பலர் ஆயுளை நீட்டியிருக்கின்றது. இந்தியாவிலேயே செய்யப்படுதலால் விலையும் முன்போல் இல்லை. ஆயின் அதனை வெறுவயிற்றில் விழுங்கவேண்டும். உண்டு இரண்டு மணி நேரமாவது சென்றிருக்கவேண்டும். விழுங்கியபின் ஒரு மணி நேரம் ஒன்றும் உண்ணலாகாது. அதனோடு கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் இரத்தத்திற் சர்க்கரையை ஏற்றக்கூடியது. காலை ஆறரை மணிக்கு அன்போடு காப்பியும் ஏழரை மணிக்கு இட்டிலியும் கொண்டுவந்து வைக்கும் மனைவிக்கு இதனைச் சொல்லாவிட்டால், மாத்திரை ஒழுங்காய்ச் சேர்வதெங்ஙனம்? அடுக்களையை ஆளுபவரை ஒதுக்கிவிட்டு நம் வீடுகளில் எந்த வைத்தியமும் நடவாது என்பது யாவரும் அறிந்ததே.

இவையெல்லாவற்றினும் பெரிதாக நாம் கருதுவது மற்றொன்று. எலும்புக்குப் பரவும் இப்புற்று முதுகெலும்பை மிகுதியும் நாடுவது. அங்கே அது வளர்ந்து தண்டுவடத்தை நெருக்குமாயின், முதுகுவலி புதிதாக மிகும். கால்கள் தளரும், மரத்துப்போகும். சிறுநீரும் மலமும் கட்டுப்படா, அல்லது அடைபடும். இது நாழிகை கணக்கிட்டு விரையவேண்டிய அவசரம். நடக்கும் நிலையிலேயே வைத்தியசாலையை அடைந்தவர் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கின்றனர். கால் முற்றும் விழுந்தபின் அடைந்தவர் எழுந்து நடப்பது அரிது. அன்றே கதிர்ச்சிகிச்சையோ அறுவையோ தொடங்கவேண்டியிருக்கும். இக்குறிகளை முதலில் காண்பவர் யார்? மகன் ஒரகடத்தில் இரவு முறை வேலையில் இருப்பான். மகள் புகுந்த வீட்டில் இருப்பாள். கழிவறைக்குப் போகையிற் கால் இடறுவதைக் காண்பவர் மனைவி ஒருவரே. நோயின் பெயரறியாதவர் அதனை வாதம் என்று எண்ணுவார். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மகன் வரட்டும் என்று காத்திருப்பார். அவ்வாறு கழிந்த மூன்று நாட்களை எந்த வைத்தியராலும் மீட்டுத் தரவியலாது. அம்மையார்மேற் குற்றஞ் சொல்ல நாவெழுமோ? அவர்க்குச் சொல்லாதவர் நாம் அல்லமோ?

மறைப்பார் கூறும் நியாயங்களையும் கேட்போம். "அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு, கேட்டால் தாங்க மாட்டாள்" என்பர். தாங்குவரோ மாட்டாரோ என்பதை அவரைக் கேளாமலே தீர்த்துவிடுகின்றோம். மாமனார் மாமியார்க்குப் பணிவிடை செய்து கரையேற்றியவர், ஆலை மூடிக் கூலியின்றிக் கிடந்த மாதங்களில் வளையலை அடகு வைத்து வீட்டை நடத்தியவர், இதனைமட்டும் தாங்கார் என்று எதனாற் கண்டோம்? அவர் அழுவார் என்பது உண்மை. அழுதபின் எழுந்து அடுத்த வேலையைப் பார்ப்பார் என்பதும் உண்மை. இரண்டாவது நியாயம், "சொல்லிவிட்டால் அப்பா மனமுடைந்து விரைவில் இறந்துவிடுவார்" என்பது. வாரந்தோறும் வைத்தியசாலைக்கு அலைந்து, 'புற்றுநோய்ப் பிரிவு' என்று பலகை எழுதிய கட்டடத்தில் வரிசையில் நின்று, அங்குள்ளார் முகங்களைக் கண்டவர்க்கு ஒன்றுந் தெரியாது என்று நினைப்பது நம் பேதைமையேயாகும். அவர்க்குத் தெரியும். நமக்காகத் தெரியாதவர்போல் இருக்கின்றார்.

இம்மறைப்பு ஒருகாலத்தில் ஓரளவு பொறுக்கத்தக்கதாயிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரைப் பல்லாண்டு நெஞ்சிற் கொண்டு, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றிற் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது, அந்நோயின் பெயரே மரணத்தின் மறுபெயராயிருந்தது. செய்யத்தக்கது சிறிதாயிருந்தபோது சொல்லாமல் விடுவதும் ஓர் இரக்கம் எனக் கருதப்பட்டது. டாக்டர் சாந்தா அம்மையார் 1955இல் அந்நிலையத்திற் சேர்ந்து 2021இல் மறையும்வரை ஆற்றிய தொண்டின் காலத்துக்குள்ளேயே நிலைமை பெரிதும் மாறிவிட்டது. எலும்புக்குப் பரவிய சுக்கிலச் சுரப்பிப் புற்றுங்கூட, முற்றும் நீங்காதெனினும், பலர்க்குச் சில ஆண்டுகள், சிலர்க்குப் பல ஆண்டுகள், அடக்கி வைக்கத்தக்க நோயாய்விட்டது. அவ்வாண்டுகள் முழுதும் ஒரு வீட்டில் ஒரு பொய்யைக் காத்துக்கொண்டு வாழ்தல் இயலுமா? எவ்வளவு ஆயாசம்!

பெரும்பதவியில் உள்ளாரும் இந்நோயின் முன் தடுமாறியதுண்டு. அமெரிக்க நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராயிருந்த லாயிட் ஆஸ்டின் என்பார்க்கு 2023 டிசம்பரில் இந்நோய்க்காக அறுவை நடந்தது. 2024 ஜனவரி முதல் நாள் அதன் பின்விளைவால் மீண்டும் வைத்தியசாலை புகுந்தார். அவர்க்குப் புற்றுநோய் என்பதை அந்நாட்டு ஜனாதிபதியே ஜனவரி 9ஆம் நாள்தான் அறிந்தார். உலகிற் பெரிய சேனையை நடத்தியவர்க்கு இதனை வாய்விட்டுச் சொல்ல நா எழவில்லை. பிப்ரவரியிற் பத்திரிகையாளர்முன் நின்று, தாம் நடந்துகொண்ட முறை சரியன்று என்று அவரே ஒப்புக்கொண்டார். இதற்கு மாறாக, நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், 2015 பிப்ரவரியிற் பிரதம மந்திரி லீ சியன் லூங் தமக்கு இதே நோய் என்பதை நாட்டுக்கு அறிவித்துவிட்டே அறுவைக்குச் சென்றார். நலம்பெற்று 2024வரை அப்பதவியில் இருந்தார். 2025 மே மாதத்தில், நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்னும் செய்தியை முன்னாள் ஜனாதிபதி பைடன் வெளியிட்டபோது, தாமும் மனைவியும் சேர்ந்திருக்கும் படத்தை அடுத்து வெளியிட்டார். அரசியலில் இவர்களைப்பற்றி யார் என்ன கருதினும் ஆகுக. அப்படத்தை நாம் பாராட்டுகின்றோம்.

மணவாழ்வுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப்பற்றி ஆராய்ச்சியும் உண்டு. 2013இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், பத்து வகைப் புற்றுநோய்களால் வருந்திய 7,00,000க்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். சுக்கிலச் சுரப்பிப் புற்றும் அவற்றுள் ஒன்று. மணந்து துணையோடு வாழ்ந்தோர் நோயை முன்னதாகவே கண்டறிந்து வந்ததும், உரிய சிகிச்சையைப் பெற்றதும், அந்நோயால் இறப்பது குறைவாயிருந்ததும் அதிற் காணப்பட்டன. மனைவியிருத்தலே மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வைத்தியரிடம் போ என்று தள்ளுவாரும், மாத்திரை தின்றாயா என்று கேட்பாரும், உடன் வந்து உட்காருவாரும் இருந்தமையே காரணமாதல் கூடும். துணையிருந்தும் அவர்க்கு ஒன்றுஞ் சொல்லாதிருப்போர், துணையற்றார் நிலைக்குத் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றனர்.

நோயாளியின் உரிமையைப்பற்றியும் ஒரு சொல். நோய் அவருடையது, அதனை யார்க்குச் சொல்வது என்பதிலும் முதலுரிமை அவருடையதே. அவர் வேண்டாவென்று தடுக்கும்போது, மகன் புறத்தே போய்த் தாயிடம் சொல்லிவிடுதல் முறையன்று. அவரிடமே பேசி இசைவிக்கவேண்டும். ஒருநாளில் இசையாவிடின் மறுநாளும் பேசவேண்டும். இன்னும் எத்தனை மாதம், எத்தனை ஆண்டு என்ற கணக்கைக் கேட்க விரும்பாதவர்க்கு அதனை வலிந்து ஊட்டுதலும் வேண்டா. நோயின் பெயர், சிகிச்சையின் விளைவு, அஞ்சத்தக்க குறிகள் என்னும் இவைமட்டும் இருவர்க்கும் தெரிந்திருத்தல் போதும். விதைநீக்கும் அறுவையா, ஊசியா என்று தீர்மானிக்கும் வேளையில் மனைவியின் சொல்லும் கேட்கப்படவேண்டும் என்பது நமது உறுதியான கருத்து. கையெழுத்து நோயாளியுடையதே, ஆயினும் அத்தீர்மானத்தின் பயனோடு வாழப்போவோர் இருவர். பல வைத்தியசாலைகளில் இதனை ஐந்து நிமிஷத்தில், பத்துப்பேர் காதுகேட்க, நின்றவாறே பேசி முடிக்கின்றனர். கூட்டம் மிகுதி என்பதை அறிவோம். எனினும் ஒரு கதவைச் சாத்தி, இரண்டு நாற்காலி போடுதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இல்லற அந்தரங்கத்தைப்பற்றி வைத்தியர் தாமாகப் பேசார், தம்பதிகளும் கேளார். அறுபதைக் கடந்தோர்க்கு அவையெல்லாம் எதற்கு என்னும் ஒரு நகைப்பு நம் நாட்டில் எங்கும் உண்டு. அது மிக இழிவான நகைப்பு. கையைப் பற்றிக்கொண்டிருத்தலும், ஒரே பாயிற் படுத்துப் பழங்கதை பேசுதலும், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுதலும் எந்த ஊசியாலும் போவன அல்ல. போனது இது, இருப்பது இது என்று ஒருமுறை வெளிப்படப் பேசியவர்க்கு இருப்பது கையில் நிற்கும். பேசாதவர், போனதற்கு வெட்கி இருப்பதையும் விட்டு ஒதுங்குவர். கோவிலில் மணந்தோர் நலத்திலும் நோயிலும் பிரியோம் என்று பலரறியச் சொல்லியவர். தீவலம் வந்து மணந்தோரும் அதனையே வேறு சொற்களாற் சொல்லியவர். அவ்வுறுதியை நிறைவேற்ற இடங்கொடாமல் மக்களாகிய நாம் குறுக்கே நிற்றல் தகுமா?

மனைவியின் உடம்பையும் மறத்தலாகாது. கணவனைக் கவனிக்கும் மும்முரத்தில் தம் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடும் மாதர் பலர். இந்நோயினரின் மனைவியர் படும் மனத்துயர் நோயாளியின் துயரினும் குறைந்ததன்று என்பது பல நாட்டு ஆராய்ச்சியாலும் புலப்பட்டிருக்கின்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின் பெண் ஊழியர் வீட்டுக்கு வருகையில், கிழவரின் நிலையைமட்டும் விசாரித்து அனுப்பிவிடாமல், அம்மையாரின் இரத்தக் கொதிப்பையும் அளக்கச் சொல்லுக.

எங்குச் செல்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். ஆவடி, அம்பத்தூர் மின்சார வண்டிகள் சென்று நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே அரசாங்கப் பொது வைத்தியசாலை இருக்கின்றது. 1934 முதல் கதிரியலுக்குப் பெயர்பெற்ற பர்னார்டு நிலையம் அதனைச் சார்ந்ததே. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையிற் சென்றால், காஞ்சிபுரத்தையடுத்த காரைப்பேட்டையில், புற்றுநோயால் 1969இல் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயர்தாங்கிய அரசினர் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. அடையாற்று நிலையமும், காட்பாடி வழியே சென்றடையும் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியசாலையும் யாவரும் அறிந்தவை. தொழிற்சாலையில் ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டி ஓய்வுபெற்றோர், ஆண்டுக்கு ஒரு சிறுதொகை செலுத்தித் தமக்கும் தம் மனைவிக்கும் வைத்திய உதவியைத் தொடரும் ஏற்பாடு உண்டு; இதனை அறியாமல் விட்டவர் நம் ஊர்களிற் பலர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் குடும்பத்தின் பெயராலேயே வழங்கப்படுவது. வலி மிகுந்த காலத்தில் மார்பீன் என்றவுடன் அஞ்சவேண்டுவதில்லை. நோயாளிகட்கு அது எளிதிற் கிடைத்தற்பொருட்டே 2014இற் சட்டந் திருத்தப்பட்டது. வைத்தியர் அளவிட்டுக் கொடுப்பது போதைப்பழக்கமாய் முடியும் என்ற அச்சத்தால் கணவன் வலியிற் கிடக்க, மாத்திரையை ஒளித்து வைக்கும் மனைவியர் உண்டு. இதனையும் அவர்க்கு முன்னரே விளக்கவேண்டும்.

மாணாக்கர் செய்யத்தக்கது அரிதான காரியமன்று. அறிக்கை கைக்கு வந்தவுடன் அதனைத் தமிழில் ஒரு தாளில் எழுதுக. கிளீசன் எண் என்றிருப்பது நோயின் வேகத்தைக் குறிப்பது. ஆறு என்றால் மெதுவானது, ஒன்பதும் பத்தும் மிக விரைவானவை. 'மெட்டாஸ்டாசிஸ்' என்றால் பிற உறுப்புக்குப் பரவியிருத்தல். அறியாத சொல்லைத் தாமே ஊகித்து எழுதாமல், வைத்தியரைக் கேட்பதற்காகக் கோடிட்டு வைக்க. பின்பு தந்தையின் இசைவு பெற்று, "அம்மா, நாளைக்கு நீயும் உள்ளே வா" என்று சொல்லுக. வைத்தியர் அறையில் நாற்காலி இரண்டே இருக்குமாயின் மகன் நிற்க. கேள்விகளை முன்னரே எழுதிக்கொண்டு போவது நலம்: ஊசியா அறுவையா, எதனால் என்ன குறையும், மாத்திரை எப்போது, உணவு எப்போது, எலும்பு வலுவுக்கு என்ன செய்வது, எந்தக் குறி கண்டால் இரவென்றும் பாராமல் புறப்படவேண்டும், அப்போது அழைக்கவேண்டிய எண் யாது. அம்மையார் கேட்க விரும்புவனவற்றையும் அவர் சொற்களிலேயே எழுதிச் சேர்க்க. ஊசி போடும் நாளை வீட்டு நாட்காட்டியிற் குறித்து, இருவரும் சேர்ந்து போகக்கூடிய நாளாகவே கேட்டு வாங்குக. காலை ஒன்பதரை மணிக்கு மேல் ஆவடியினின்று புறப்படும் வண்டிகளில் உட்கார இடம் கிடைப்பது எளிது. இடுப்பெலும்பில் நோயுள்ளவர் நின்றுகொண்டு பயணஞ் செய்தலாகாது.